முதுமலைப் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். முதுமலைக்குச் செல்லும் நமது வேன் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு வேலூர்க் கோட்டை எதிரிலிருந்து புறப்பட்டு, பெங்களூரு, மைசூரு வழியாகச் செல்லும். பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுவதால், திரும்பும் நாளில் யாரும் தாமதிக்க வேண்டாம்.

தெப்பக்காடு யானைகள் முகாமில் உணவு வேளையைத் தவறவிடாதீர்கள். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்துப் பிசைந்த பெரிய கவளங்களைப் பாகன்கள் ஒவ்வொரு யானையின் வாயிலும் தம் கையாலேயே ஊட்டுவதை அருகில் நின்று பார்ப்பது, புலியைத் தேடி அலைவதைவிட நிறைவானது என்பது என் உறுதியான கருத்து. காட்டுக்குள் வனத்துறை வண்டியில் மட்டுமே செல்ல முடியும். மான், காட்டெருமை, குரங்கு எது தென்பட்டாலும் தயவுசெய்து குரல் எழுப்பாதீர்கள்.

மறுநாள் முழுவதும் மசினகுடியில் ஓய்வு. நம் ஊர் வெயிலில் வாடியவர்களுக்கு, தெற்கே சுவர்போல எழும் நீலகிரி மலையையும் மேய்ச்சலுக்குச் செல்லும் மாடுகளையும் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பதே போதும். இருட்டிய பின் விடுதியை விட்டு வெளியே செல்லக் கூடாது. அது யானை நடமாடும் பகுதி.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உள்ளதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரவும். வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டியிருப்பதால், வருவோர் புதன்கிழமைக்குள் பெயரை இங்கே பதிவிடவும்.