வாசலில் உட்கார்ந்திருந்த நக்கீரருக்கும் சேர்த்து

அன்புள்ளவர்களுக்கு,

என் சிறுகதைத் தொகுப்பு போன வாரம் அச்சுக்குப் போய்விட்டது. 11 கதைகள், 6 வருடங்கள். எழுதியதைவிடக் கிழித்ததுதான் அதிகம்.

மதுரைக்காரிக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை. பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தாலே சங்கப்பலகை ஞாபகம் வந்துவிடும். தகுதி உள்ள புலவருக்கு மட்டும் நீண்டு இடம் கொடுக்குமாம். முதல் வரி எழுதியதுமே, ‘உனக்கெல்லாம் நீளுமா?’ என்று உள்ளுக்குள் ஒரு குரல். சிவபெருமான் பாட்டிலேயே குற்றம் கண்டவர், என்னை விடுவாரா?

அந்தக் குரலுக்கு நக்கீரர் என்று பெயர் வைத்தவள் என் கல்லூரித் தோழி. அவள் யாரையும் லேசில் பாராட்ட மாட்டாள், அதனாலேயே நம்பினேன். “அவரை விரட்டாதடி. வாசல்ல உட்கார வை. கதையை முடிச்சிட்டு உள்ள கூப்பிடு” என்றாள். அன்றிலிருந்து முதல் வரைவு நோட்டில், பேனாவில்தான். கணினியில் அழிப்பது சுலபம், அவர் சட்டென்று உள்ளே வந்துவிடுவார்.

சிம்மக்கல் நூலகத்து ஊழியர் ஐயாவுக்கு நன்றி. நான் எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களிலும் என்னம்மா எழுதுறீங்க என்று அவர் கேட்டதே இல்லை. “இந்தப் பக்கம் வாங்க, ஃபேன் ஓடுது” என்பதோடு சரி.

டிடிபி கடைத் தம்பி, ஏழாவது கதையைப் பாதியில் நிறுத்தி, “அக்கா, அந்தம்மா கடைசில வீட்டுக்குப் போச்சா, இல்லையா?” என்று கேட்டார். அந்தச் சந்தோஷத்தில் அன்று இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மனசு சரியில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போன அண்ணன் மகனுக்கும் நன்றி. ஈராயிரம் வருடத்துக்கும் முந்தைய பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்கள். ஆதன் என்று ஒரு பெயர். கீறியவர், எழுத்து நன்றாக வந்திருக்கிறதா என்று பக்கத்தில் யாரிடமாவது கேட்டிருப்பாரா? கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.

‘இதில் கதையே இல்லை’ என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிய பத்திரிகை ஆசிரியருக்கு நன்றி சொல்லும் அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. ஆனால் அந்தக் கதையின் முதல் இரண்டு பத்திகளை அப்புறம் எடுத்துவிட்டேன்.

கடைசியாக நக்கீரர். மெய்ப்பு பார்க்கும்போது மரியாதையாக உள்ளே அழைத்தேன். ஒற்றுப்பிழை மட்டும் 23 கண்டுபிடித்தார். ஒன்பதாவது கதையின் முடிவைப் பற்றியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அச்சகத்து ஆள் வந்துவிட்டார், கொடுத்தனுப்பிவிட்டேன்.