நயவுரை கேட்காதே

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகள் இடமாற்றம் எடுத்து மட்டக்களப்புக்கே வந்துவிட்டாள் என்பது நல்ல சேதி. வெள்ளவத்தையில் புதினம் ஒன்றுமில்லை. காலி வீதியில் அதே நெரிசல், எனக்கு அதே முழங்கால் நோவு.

அண்மையில் ஒரு கவிதை நூல் வெளியீட்டுக்குப் போனேன். மங்கல விளக்கு, வாழ்த்துரை, முதற்பிரதி எல்லாம் முறைப்படி நடந்தன. இருந்த இடத்திலேயே புத்தகத்தைப் புரட்டினேன். வலி, ரணம், கண்ணீர் இல்லாத பக்கமே இல்லை. வரிகளைச் சேர்த்து வாசித்தால் அனுதாபச் செய்தி. நயவுரை சொன்னவரோ பொடியனைப் பாரதிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்திவிட்டார். இனி அவன் ஒரு சொல்லையாவது வெட்டுவானா?

துயரம் பெரிதென்றால் கவிதையும் பெரிதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பற்றி நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை'யை மறுபடி வாசித்துப் பார். அதில் ஒருவரும் அழுவதில்லை. சிவில் உடையில் வந்தவர்கள் புத்தரைச் சுட்டுவிடுகிறார்கள். இரவில் வரும் அமைச்சர்களுக்குக் கோபம். எதற்கு? "எங்கள் பட்டியலில் இவர் பெயர் இல்லை" என்பதற்கு! கந்தோரில் கோப்பு தவறிய மாதிரி ஒரு பேச்சு. பிறகு தொண்ணூறாயிரம் புத்தகங்களால் உடலை மூடி எரிக்கிறார்கள். கோபப்படும் வேலையைக் கவிஞர் நமக்கு விட்டுவிடுகிறார்.

கபிலரும் இதைத்தான் செய்தார். குறுந்தொகை 25ஆம் பாட்டு, 'யாரும் இல்லைத் தானே கள்வன்'. தலைவனும் தலைவியும் கூடிய வேளையில் அங்கே வேறு யாருமில்லை. அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். சாட்சிக்கு இருந்தது ஒரு குருகுப் பறவை. அதன் கால் தினைத்தாள் போலச் சிறியது, பசுமையானது என்று அவளுக்கு நினைவிருக்கிறது. ஆனால் குருகு பார்த்ததோ ஓடும் நீரில் ஆரல் மீனை! இருந்த ஒரே சாட்சியும் இவர்கள் பக்கம் திரும்பவில்லை. ஐந்தே அடி. 'ஏமாந்தேன்' என்றொரு சொல் உண்டா பார்.

சரி, நீ அனுப்பிய கவிதைக்கு வருகிறேன். அப்பாவின் சைக்கிளில் காற்றுப் போன பின்சில்லும், கரியரில் இன்னும் கட்டியிருக்கும் றப்பர் பட்டியும் நன்றாக வந்திருக்கின்றன. அதோடு நிறுத்தியிருக்கலாம். 'தந்தையெனும் தெய்வமே' என்று தொடங்கும் கடைசி ஆறு வரியும் எனக்கு வேண்டாம். நடுவில் வரும் 'காலச்சக்கரம்' எத்தனை பேர் ஓட்டிப் பழசாக்கிய சக்கரம்! அதையும் எடுத்துவிடு.

வெட்டிவிட்டு மறுபடி அனுப்பு. கோபம் வந்தால் போன் எடு, ஆனால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. அதற்கு முன் நித்திரையில் இருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத்தோழன்