ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபிக்குப் பணம் வாங்கிக்கொண்டு 6 ஜிபி கார்டு அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

வணக்கம்.

உங்கள் இணையதளத்தில் சென்ற மாதம் நான் ஆர்டர் போட்டது என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3050, 8 ஜிபி மெமரி உள்ள கிராஃபிக்ஸ் கார்டு (கேமையும் அனிமேஷனையும் திரையில் வரைந்து காட்டும் பாகம்). வந்தது 6 ஜிபி கார்டு. 21,000 ரூபாயை யுபிஐயில் ஆர்டர் போடும்போதே முழுசாகக் கட்டிவிட்டேன். போனில் கேட்டேன், சாட்டில் கேட்டேன், மெயில் போட்டேன், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பதில் வருகிறது, அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதி நேராக உங்களுக்கே அனுப்புகிறேன். கொஞ்சம் நீளம்தான், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். உங்கள் ஆட்கள் இதை "ரெண்டு ஜிபி விஷயம்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அப்படி இல்லை.

முதலில் நான் ஏன் இந்தக் கார்டைக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது 2019ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். பி450 மதர்போர்டு, ரைசன் 5 2600 ப்ராசசர், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. நானும் தம்பியும் கேம் ஆடுவது அதில்தான், அவன் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அனிமேஷன் பழகுவதும் அதில்தான். புதுசாகவே ஒன்று வாங்கும் அளவுக்குக் கையில் பணம் கிடையாது. ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டு என்பதால் மதர்போர்டையும் ரேமையும் தொடாமல், பயாஸை (மதர்போர்டுக்குள் இருக்கும் மென்பொருளை) மட்டும் அப்டேட் செய்துவிட்டு அதே சாக்கெட்டில் ரைசன் 5 5600 ப்ராசசரை மாட்டிக்கொள்ளலாம், அதில் மிச்சமாகும் பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்த ப்ராசசரையும் உங்களிடம்தான் வாங்கினேன். சரியாக வந்தது, நன்றாக ஓடுகிறது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

கார்டு விஷயத்தில்தான் ரொம்ப யோசித்தோம். வெறும் கேமுக்கு என்றால் கிட்டத்தட்ட அதே விலையில் ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 6600 கிடைக்கிறது, அதுவும் 8 ஜிபி, கேமில் 3050ஐ விட வேகமும் கூட, கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுத்திருப்பேன். ஆனால் பிளெண்டரில் ரெண்டர் செய்ய (செய்ததைப் படமாக்கி எடுக்க) என்விடியா கார்டு என்றால் அதை வேகப்படுத்தும் ஆப்டிக்ஸ் இருக்கிறது, வேலை சீக்கிரம் முடியும். அப்புறம் மெமரி. சீன் மொத்தமும் கார்டின் மெமரிக்குள் அடங்கினால்தான் அந்த வேகமும் கிடைக்கும், அடங்காவிட்டால் ஒன்று இழுத்துக்கொண்டே கிடக்கும், இல்லையென்றால் மெமரி போதவில்லை என்று பாதியில் நின்றுவிடும். கேமிலும் இதே கதைதான். சைபர்பங்க் 2077 என்ற கேமுக்கு இப்போது பரிந்துரைக்கப்படுவது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், அது 8 ஜிபி கார்டு. குறைந்தபட்சத் தேவையாகச் சொல்லியிருப்பதே 6 ஜிபி உள்ள ஜிடிஎக்ஸ் 1060. இன்னும் சில வருஷம் ஓட வேண்டிய கார்டை, இன்றைக்கே குறைந்தபட்சம் என்று சொல்கிற அளவில் யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? அதனால்தான் 8 ஜிபி என்று தேடி, உங்கள் பக்கத்தில் தலைப்பிலேயே 8 ஜிபி என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினேன்.

இதோடு இன்னொரு செலவும் சேர்ந்தது. 3050 8 ஜிபி கார்டு 130 வாட் எடுக்கும், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வைக்கச் சொல்கிறது என்விடியா, பெரும்பாலான மாடல்களுக்கு எட்டு பின் பவர் கேபிளும் தனியாகக் கொடுக்க வேண்டும். எங்களிடம் இருந்தது கேபினட்டோடு வந்த பழைய எஸ்எம்பிஎஸ். 1050 டிஐ போர்டில் இருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கார்டு என்பதால் இத்தனை வருஷம் அதுவே போதுமானதாக இருந்தது, ஆனால் அதில் எட்டு பின் கேபிளே கிடையாது. ஆகவே இந்தக் கார்டுக்காகவே 4,000 ரூபாய் கொடுத்து 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றும் வாங்கினோம். அந்த பில்லும் உங்கள் கடை பில்தான்.

பார்சல் வந்ததும், உங்கள் விதிமுறையில் சொல்லியிருக்கிறபடி, பிரிப்பதை முதலில் இருந்து கடைசி வரை வெட்டாமல் வீடியோ எடுத்தோம். புது எஸ்எம்பிஎஸ்ஸை முன்னாடியே மாட்டி, எட்டு பின் கேபிளைக் கார்டு வரும் இடத்துக்குப் பக்கத்தில் இழுத்து வைத்திருந்தோம். மேல் அட்டையைப் பிரித்ததும் தம்பிதான் பெட்டி மூலையில் 6 ஜிபி என்று அச்சடித்திருப்பதைக் காட்டினான். சீரியல் எண்ணும் வீடியோவில் தெரிய வேண்டும் என்பது உங்கள் நிபந்தனை, அதனால் பெட்டியைத் திறந்து கார்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மேல் விளிம்பில் பவர் கேபிள் சொருகுகிற இடமே இல்லை, அந்த இடம் மொழுமொழுவென்று இருக்கிறது. அதுவே போதும் இது நாங்கள் கேட்ட கார்டு இல்லை என்று தெரிய. அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. மதர்போர்டில் சொருகவே இல்லை, பின்பக்கம் போர்ட்டுகளில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிகளைக்கூடக் கழற்றவில்லை, அதே கவரில் போட்டு அதே பெட்டியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் சொன்ன முதல் பதில்: "மேடம், ரெண்டும் ஆர்டிஎக்ஸ் 3050தானே, ரெண்டு ஜிபிதான் கம்மி, 1080பியில் வித்தியாசமே தெரியாது."

கம்ப்யூட்டர் பாகம் விற்கிற ஒரு நிறுவனத்தில் இருந்து இந்தப் பதில் வந்ததுதான் எனக்கு ரொம்ப வருத்தம். 8 ஜிபி கார்டில் கணக்குப் போடும் கோர் 2,560, இதில் 2,304. அதன் மெமரி பஸ் (மெமரியில் இருந்து டேட்டா வரும் பாதை) 128 பிட், இதற்கு 96 பிட். அதாவது மெமரியில் இருந்து ஒரு நொடிக்கு அது 224 ஜிபி எடுக்கும், இது 168 ஜிபிதான் எடுக்கும், சரியாகக் கால்வாசி குறைவு. பூஸ்ட் வேகம் அதில் 1,777 மெகாஹெர்ட்ஸ், இதில் 1,470. அது 130 வாட், இது 70 வாட். இவை எல்லாம் என்விடியாவே வெளியிட்டிருக்கிற கணக்கு, நான் எங்கிருந்தோ பொறுக்கி எடுத்தது இல்லை. கோர், பஸ், வேகம், மின்சாரம் எல்லாமே குறைந்த ஒரு கார்டை எப்படி "ரெண்டு ஜிபிதான் கம்மி" என்று சொல்ல முடியும்? 6 ஜிபி கார்டு மோசம் என்று நான் சொல்லவில்லை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு ஓட வேண்டும், தனிக் கேபிள் வேண்டாம் என்பவர்களுக்கு அது நல்ல கார்டு. ஆனால் அதை வாங்குகிறவருக்குத் தான் எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்குரிய விலையைத்தான் அவர் கொடுக்க வேண்டும். உங்கள் இணையதளத்திலேயே அது 17,000 ரூபாய். என்னிடம் வாங்கியது 21,000. அந்தக் கார்டு எனக்குப் போதும் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுத்த 4,000 ரூபாயும் எனக்கு மிச்சமாகியிருக்கும். ஆக எங்கள் பட்ஜெட்டில் 8,000 ரூபாய் அப்படியே வீணாகிறது. மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து வாங்குகிற வீட்டில் 8,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை.

இந்தப் பெயர்க் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும், அதற்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை. 3050 8 ஜிபி வந்தது 2022 ஜனவரியில். 6 ஜிபி வந்தது 2024 பிப்ரவரியில். இடையில் இரண்டு வருஷம் டெஸ்க்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 3050 என்றால் 8 ஜிபி கார்டு என்றுதான் அர்த்தம். யூடியூபில் அந்தச் சமயத்தில் வந்த எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் ஓடுகிறது என்று காட்டும்) வீடியோக்கள் எல்லாம் அந்தக் கார்டுக்கானவை, பட்ஜெட்டில் வாங்குகிறவர்கள் பார்ப்பதும் அவற்றைத்தான். என்விடியா இப்படிச் செய்வது புதுசும் இல்லை. 2016ல் ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு விட்டார்கள், அங்கேயும் மெமரியோடு கோரும் குறைந்தது, 1,280க்குப் பதில் 1,152. 2022ல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு வேறு வேறு கார்டுகளை அறிவித்து, எல்லோரும் சத்தம் போட்டதும் அந்த அக்டோபரிலேயே 12 ஜிபியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அப்புறம் அது 4070 டிஐ என்ற பெயரில் வந்தது. தயாரிப்பாளரே குழப்பமான பெயர் என்று ஒத்துக்கொண்டு மாற்றிய விஷயம் இது. அப்படி இருக்கும்போது விற்கிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா? நீங்கள் கொடுத்த பில்லில் "ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் கார்டு" என்று மட்டும் இருக்கிறது, எத்தனை ஜிபி என்றே போடவில்லை. இனி எந்த பில்லிலும் இப்படிப் போடாதீர்கள்.

இரண்டாவது பதில் சாட்டில் வந்தது: பெட்டியின் சீல் பிரிந்துவிட்டதால் ரிட்டர்ன் எடுக்க முடியாதாம். சீரியல் எண் தெரிகிற மாதிரி வீடியோ வேண்டும் என்று கேட்டதே நீங்கள்தான். பெட்டியைப் பிரிக்காமல் உள்ளே இருக்கிற கார்டை எப்படிக் காட்டுவது? வீடியோ இல்லையென்றால் அதற்காக மறுப்பது, வீடியோ எடுத்தால் பிரித்துவிட்டாய் என்று மறுப்பது, இது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவதாக, கார்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னீர்கள். போனேன். கார்டில் பழுது எதுவும் இல்லையே, நாங்கள் என்ன செய்வது, விற்றவரிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. பழுதுக்குத்தான் வாரண்டி. கேட்ட பொருளுக்குப் பதில் வேறு பொருள் வந்தால் அதற்கு விற்றவர்தான் பொறுப்பு.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது இதற்கெல்லாம் அப்புறம்தான். நான் புகார் கொடுத்தபின் உங்கள் இணையதளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் தலைப்பில் இருந்த 8 ஜிபி காணாமல் போயிருந்தது, 6 ஜிபி என்று மாறியிருந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் தப்பு இருந்தது என்று உங்களுக்கே தெரிந்ததால்தானே திருத்தினீர்கள்? பிறகு எதற்காக என்னிடம் மட்டும் எல்லாம் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறோம் என்று சொல்கிறீர்கள்? ஆர்டர் போட்ட அன்றே எடுத்த ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஆர்டரை உறுதி செய்து நீங்கள் அனுப்பிய மெயிலில் இன்றைக்கும் 8 ஜிபி என்றுதான் இருக்கிறது. பக்கத்தை மாற்றலாம், என் இன்பாக்ஸில் வந்து மாற்ற முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 2020ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள நீங்கள் மறுக்கக் கூடாது. சீல் பிரிந்தது, பிரியவில்லை என்பதெல்லாம் உங்கள் கடை விதி, அதைக் காட்டி இந்தச் சட்ட விதியில் இருந்து தப்பிக்க முடியாது. இந்தக் கடிதம் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. நடக்காவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணமும் கிடையாது. இதையெல்லாம் செய்ய எனக்கு ஆசை இல்லை. எனக்கு வேண்டியது கார்டுதான்.

நான் கேட்பது இதுதான். ஆர்டரில் சொன்ன ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபி கார்டை அனுப்புங்கள், இப்போது என்னிடம் இருக்கிற கார்டை உங்கள் செலவில் கூரியர் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி கார்டு ஸ்டாக் இல்லை என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள், 21,000 ரூபாயையும் பணம் வந்த அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். கூப்பனோ உங்கள் கடை வாலட்டில் பாயிண்ட்டோ வேண்டாம், அந்தப் பணத்தில் நான் வேறு இடத்தில் கார்டு வாங்க வேண்டும். விலை வித்தியாசம் 4,000 ரூபாயை மட்டும் திருப்பித் தருகிறோம், இந்தக் கார்டையே வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் ஆள் ஒருவர் கடைசியாகச் சொன்னார். அதற்கு எனக்குச் சம்மதம் இல்லை. மெமரிக்காகத்தான் இந்தக் கார்டைத் தேடினேன், அது இல்லாத கார்டு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் எங்களுக்கு உபயோகம் இல்லை.

இன்னொன்று, என் ஆர்டரோடு இது முடியக் கூடாது. பக்கத்தில் 8 ஜிபி என்று இருந்த சமயத்தில் வேறு யார் யார் இந்தக் கார்டை வாங்கினார்கள் என்று உங்கள் கணக்கிலேயே தெரியும். அவர்களில் பாதிப் பேர் பெட்டியைக்கூடச் சரியாகப் பார்க்காமல் மாட்டியிருப்பார்கள். கேம் ஏன் வீடியோவில் பார்த்த மாதிரி ஓடவில்லை என்று ப்ராசசரையும் ரேமையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள், அதற்கும் காசு செலவழிப்பார்கள். அவர்களுக்கு நீங்களே மெயில் போட்டுச் சொல்லுங்கள், மாற்றிக் கேட்டால் மாற்றிக் கொடுங்கள்.

பில், ஆர்டர் உறுதி மெயில், ஸ்கிரீன்ஷாட், பார்சல் பிரித்த வீடியோ, சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். வேலை நாட்களில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் போனில் பேசலாம், ஆனால் என்ன முடிவு எடுத்தாலும் மெயிலில் எழுத்தாகக் கொடுங்கள். கூரியர் ஆள் எப்போது வருவார் என்று முந்தின நாளே சொன்னால் கார்டை பேக் செய்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருநெல்வேலி.