கொம்பில்லாத மாட்டுக்கு எங்கே பெயிண்ட் அடிப்பது?

தமிழில் சின்னக் குழந்தைகளுக்குப் படக்கதைப் புத்தகம் போடும் பதிப்பாளர்களுக்கும், எழுதுகிறவர்களுக்கும், படம் வரைகிறவர்களுக்கும்,

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். இருபத்தெட்டு வருஷம் நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கு லீவு விட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் காலையிலேயே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். எல்லாரும் மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள். நான் புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு வாசிப்பேன்.

போன பொங்கலுக்கு முந்தின நாள், பண்டிகைக்கென்றே வாங்கி வைத்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்தேன். ஒரு பையனும் அவன் வளர்க்கும் மாடும் சேர்ந்து மாட்டுப் பொங்கல் கொண்டாடும் கதை. முதல் பக்கத்தில் மாடு நிற்கிறது. வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டு, கழுத்தில் பெரிய மணி, பின்னால் மரவேலி, அதற்கும் பின்னால் பச்சைக் குன்று. திமில் இல்லை, கொம்பும் இல்லை. எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. வாசித்துக்கொண்டே போனேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலு வயதுச் சிறுமி வீட்டில் ஒரு பசு இருக்கிறது. அன்றைக்குத்தான் அவள் அப்பா கொம்புக்கு அடிக்க நீல பெயிண்ட் டப்பாவைத் திறந்திருக்கிறார். அவள் நகக்கண்ணிலெல்லாம் நீலம். "கொம்புகளுக்கு வண்ணம் தீட்டினான்" என்று நான் வாசித்ததும் நீல விரலைப் படத்து மாட்டின் தலையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். "ஆயா, இதுக்குக் கொம்பு எங்க? எங்க பெயிண்ட் அடிப்பாங்க?" என்றாள். முன் பக்கத்துக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். அப்புறம் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டு, அவர்கள் வீட்டு மாட்டைப் பார்க்க எழுந்து போய்விட்டாள். அந்த மாட்டுக்கு இடது கொம்பு கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

கறுப்பு வெள்ளை மாடு நம் ஊரிலும் உண்டு, கலப்பினமாகப் பால் பண்ணைகளில் கட்டியிருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படம் எந்தக் கட்டுத்தறியையும் போய்ப் பார்த்து வரைந்தது இல்லை. காக்கையும் இப்படித்தான். நம் வீட்டு மதிலில் உட்காரும் காக்கைக்குக் கழுத்து சாம்பல் நிறம். புத்தகத்தில் உச்சி முதல் வால் வரை ஒரே கறுப்பு, மூக்கு மட்டும் மஞ்சள். அணில் என்றால் புசுபுசு வாலோடு செம்பட்டை நிறத்தில் இருக்கிறது. முதுகில் மூன்று கோடு இல்லாத அணிலை எங்கள் பிள்ளைகள் அணில் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

குளிர் நாட்டுக் கதைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பனியும் கலைமானும் வரும் புத்தகங்களை எங்கள் பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். அந்த ஊர்களில் டிசம்பரில் கரடி குகைக்குள் தூங்கப் போய்விடும், குளத்துத் தண்ணீர் உறைந்துவிடும். அதனால் அவர்களுடைய பண்டிகைக் கதையில் தூங்கும் கரடி வருவது பொருத்தம்தான். அந்த நாட்களில் அந்த ஊர்ப் பிராணிகள் என்ன செய்யுமோ அதிலிருந்தே அவர்கள் கதை பிறக்கிறது. நம் பண்டிகை நாட்களில் நம் பிராணிகள் என்ன செய்கின்றன என்று பார்த்து எழுதுங்கள் என்பதுதான் நான் உங்களிடம் கேட்பது.

தை மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்து புது வைக்கோல் வந்திருக்கும். மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கழுத்தில் மாலை போட்டு, அதற்கென்று பொங்கல் வைத்து ஊட்டுவோம். பொங்கல் நாட்களில் ஒரு காலையில் மஞ்சள் செடியின் இலையில் கலர் கலராகச் சோற்று உருண்டை வைத்துக் காக்கையையும் குருவியையும் சாப்பிடக் கூப்பிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. பறவைகளை விருந்துக்கு அழைக்கிற பண்டிகையை வைத்துக்கொண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு கதை சொல்ல முடியாதா? அப்புறம் தை ஐந்தாம் தேதி பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. சாமிகளெல்லாம் ஆற்றுக்கு வரும், சுருளிக் கிழங்கு குவித்து விற்பார்கள். ஒரு கன்றுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் போய்விட்டால்?

கன்றுக்குட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்து உம்பளச்சேரி மாட்டின் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு, எட்டு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். ஊருக்குப் போய்விட்டுப் பொங்கலுக்குத் திரும்பி வரும் குழந்தை தன் சிவப்புக் கன்றைத் தேடுகிறது, கன்று பக்கத்திலேயே நிற்கிறது. நெற்றி வெள்ளை மட்டும் அப்படியே இருக்கிறது. இதை யாராவது வரைய மாட்டார்களா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

தீபாவளி வரும்போது இங்கே மழைக்காலம். ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம். எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் உண்டு. முதல் வெடிச் சத்தம் கேட்டதுமே எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும். போன வருஷம் ஐந்து வயதுப் பையன் ஒருவன் சாக்கு ஒன்றை இழுத்துவந்து அதற்கு விரித்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்து தன் காதைப் பொத்திக்கொண்டான். அவனுக்கும் வெடி என்றால் பயம்.

கோடை லீவை ஒட்டி, பங்குனி ஆமை என்கிற கடல் ஆமையின் குஞ்சுகள் வரும் காலம். தாய் ஆமைகள் ஜனவரி தொடங்கி ராத்திரியில் கரையேறி மணலில் முட்டை இடும். ஒரு குழியில் நூறு முட்டை போல இருக்கும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சு வெளியே வரும். வந்ததும் வெளிச்சமான பக்கம் பார்த்து நகரும். இருட்டுக் கரையில் அந்த வெளிச்சம் கடல் பக்கம்தான் இருக்கும். கரையில் விளக்கு எரிந்தால் குஞ்சு வழி தவறிவிடும். தேவனாம்பட்டினத்துக் குழந்தை ஒவ்வொரு வீடாகப் போய் விளக்கை அணைக்கச் சொல்கிறது, பக்கம் திருப்பத் திருப்ப இருட்டு கூடுகிறது, கடைசிப் பக்கத்தில் கடல் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. ஓவியர்களே, இப்படி ஒன்று செய்து கொடுங்கள்.

இன்னொன்று, சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 காலையில் நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனது. என் மகள் வீடு புதுச்சேரியில். பேரனுக்கு அப்போது நாலு வயது. ஒவ்வொரு லீவுக்கும் லட்சுமிக்குப் பழம் கொடுத்துத் தும்பிக்கையால் ஆசீர்வாதம் வாங்கியவன். அந்த அரையாண்டு லீவில் கோயில் வாசலில் அது நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, "லட்சுமி எப்ப வரும் ஆயா?" என்றான். நான் வாரி எடுத்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய. சிநேகமாக இருந்த ஒரு பிராணி இல்லாமல் போவதைப் பற்றி நாலு வயதுக்குப் புரிகிற ஒரு தமிழ்ப் புத்தகம் தேடினேன். நான் போன கடைகளில் கிடைக்கவில்லை. பண்டிகைப் புத்தகம் என்றால் சந்தோஷம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். லீவில்தான் பிள்ளைகள் இதையெல்லாம் கேட்கிறார்கள்.

வாசிக்கிறவள் என்ற முறையில் சில வார்த்தைகள். "கரடியானது தன் நண்பனாகிய முயலை நோக்கி விரைந்தது" என்று எழுதினால் அதை நான் மனசுக்குள் உடைத்து, "கரடி ஓடி வந்துச்சு. முயல் எங்கே?" என்று மாற்றித்தான் வாசிக்கிறேன். முதலிலேயே வாய்க்கு வருகிற மாதிரி எழுதிவிடலாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி போதும். எழுத்தைப் படத்தின் கறுப்பு மூலையில் வைக்காதீர்கள். பதினாறு பக்கம் தாராளம், ஆனால் தாள் கெட்டியாக இருக்கட்டும், ஸ்டேப்ளர் பின் குத்தாமல் மடங்கட்டும். மூன்று வயதுப் பிள்ளை புத்தகத்தை வாயிலும் வைக்கும்.

நல்ல வேலை நடக்காமல் இல்லை. துளிகா பதிப்பகம் 1996 முதல் தமிழிலும் படப் புத்தகங்கள் கொண்டுவருகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, நானே பிரிண்ட் எடுத்துத் தைத்து வாசித்திருக்கிறேன். என் குறையெல்லாம் பண்டிகைக்கென்று, சின்னதுகளுக்கென்று, நம் பிராணிகளோடு வருவது போதவில்லை என்பதுதான். வருவதும் நேரத்துக்குக் கைக்கு வருவதில்லை. சென்னைப் புத்தகக் காட்சியில் புதிதாக வரும் பொங்கல் புத்தகம் எங்கள் ஊர்க் கடைக்கு வரும்போது பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியிருப்பார்கள். கார்த்திகைக்குள் அச்சிட்டு முடித்தால் புதுச்சேரியில் டிசம்பரில் நடக்கும் கண்காட்சியிலேயே நாங்கள் வாங்கிவிடுவோம். அங்கே 1827 முதல் இருக்கும் ரோமன் ரோலண்ட் நூலகம் போன்ற இடங்களுக்கும் லீவு தொடங்கும் முன் இரண்டு பிரதி போய்ச் சேரட்டும்.

வரைந்து முடிக்கும் முன், பென்சில் படமாக இருக்கும்போதே ஒருமுறை இங்கே கொண்டுவாருங்கள். மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தால் நல்லது. காலையில் அந்தச் சிறுமி வீட்டு மாட்டுக்குக் கொம்பு சீவுவார்கள், அதைப் பார்த்து வரைந்துகொள்ளலாம். பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் எங்கள் திண்ணையில் இருப்பார்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற நர்சரி ஆசிரியை,
கடலூர் முதுநகர்