மோர்க்காரப் பையன் ஓடிய சாலை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு நேற்று மாலை வீடு வந்து சேர்ந்தோம். போகும்போது கையால் சுற்றி ஓட்டிப் போன என் மூன்று சக்கர வண்டியை, வரும்போது வேனில் ஏற்றிவிட்டார் உன் மாமா. தோள் இரண்டும் கழன்று விழுவதுபோல் வலிக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘கார் வைத்துப் போக நான் பணம் அனுப்ப மாட்டேனா, ஏனம்மா உடம்பை இப்படி வதைத்துக்கொள்கிறாய்’ என்று தொலைபேசியில் கோபப்பட்டாய். அப்போது நான் திருவாரூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இருந்தேன். சுற்றிலும் காவி கட்டிய ஆட்கள், மாதா சப்பரம், ஒலிபெருக்கி. அந்தச் சத்தத்தில் பதில் சொல்ல முடியவில்லை. கூச்சமாகவும் இருந்தது.

2013இல் வேன் கவிழ்ந்து என் கால்கள் செயலிழந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள், உனக்கு நினைவிருக்கும். வேளாங்கண்ணியில், நாகப்பட்டினத்துக்குப் போகும் வழியில் உள்ள நடுத்திட்டு என்ற இடத்தில் ஆலமரத்தடியில் மோர் விற்ற கால் ஊனமுற்ற பையனின் கதை. குழந்தையோடு வந்த ஒரு தாய், அவள்தான் மாதா, மோர் கேட்டாள், கொடுத்தான். நாகப்பட்டினத்துக்குப் போய் நான் வந்ததைச் சொல் என்றாள், எழுந்து ஓடினான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்ததாகச் சொல்வார்கள். ‘அவனை ஓட வைத்தவள் உன்னை நடக்க வைக்க மாட்டாளா, விசுவாசமாகக் கேள்’ என்று சித்தியும் சொன்னாள், பக்கத்து வீட்டு டீச்சரும் சொன்னார். கேட்டேன் கண்ணா. மறுவருடம் காரில் கூட்டிப்போனீர்களே, அந்த நடுத்திட்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் செபமாலையைக் கழற்றித் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் பாபின்களோடு போட்டுவிட்டேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

வேலூரில், பாகாயத்து மறுவாழ்வு மையத்தில் இருந்தபோது டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொன்னார்கள். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அந்த மையம் உருவானதே அவரால்தான். அன்று அதெல்லாம் என் காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை. அவர் டாக்டர், நான் ஜாக்கெட் தைப்பவள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நீ ஒரு வீடியோ அனுப்பினாய். கார்ப் பந்தயக்காரர் அலெக்ஸ் ஜனார்டி, 2001இல் பந்தயத்தில் இரண்டு காலையும் இழந்தவர், 2012 லண்டன் பாராலிம்பிக்கில் கையால் ஓட்டும் சைக்கிளில் தங்கம் வென்றது. வென்றதும் தரையில் உட்கார்ந்து வண்டியை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்குவாரே, அதைப் பார்க்கத்தான் அனுப்பினாய். நான் பார்த்தது சங்கிலியை. இரண்டு கைப்பிடியும் ஒன்றாகவே சுற்றுகின்றன. கால் சைக்கிளைப்போல ஒன்று மேலே ஒன்று கீழே இல்லை. சுற்றுவதும் அதிலேதான், திருப்புவதும் அதிலேதான். இருபது வருடம் காலால் தையல் இயந்திரம் மிதித்தவளுக்குச் சக்கரத்தின் போக்கு தெரியாதா? அன்று ராத்திரி தூங்கவில்லை.

பட்டறைக்காரரிடம் அந்த வீடியோவைக் காட்டி, பழைய மூன்று சக்கர வண்டியை மாற்றிக் கட்டச் சொன்னேன். முதல் நாள் தெருமுனை வரைதான் போக முடிந்தது. பிறகு வல்லம். போன வருடம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பூண்டி மாதா கோயில். ஒவ்வொரு நாளும் நேற்றைய இடத்தைத் தாண்டிப் போகலாம் என்று காலையில் எழும்போதே ஒரு எண்ணம் இருக்கும். விபத்துக்குப் பிறகு எனக்கு ‘நாளைக்கு’ என்ற சொல்லே இல்லாமல் போயிருந்தது, மகனே. அது திரும்பி வந்தது.

இந்தத் தடவை தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர 26ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். மாமா சைக்கிளில் பின்னால், சித்தி நடை. நீ பயப்படும் விஷயங்களை எல்லாம் பார்த்துக்கொண்டோம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே எனக்கு வியர்க்காது என்பதால் ஈரத்துண்டு போர்த்திக்கொண்டேன். ராத்திரியில் புண் வந்திருக்கிறதா என்று சித்தி டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அம்மாப்பேட்டை அருகே ஒரு பெரியவர் என் மடியில் பத்து ரூபாய்த் தாளை வைத்துவிட்டு, கும்பிட்டுப் போனார். நல்ல மனிதர். திருப்பிக் கொடுக்கக் கூப்பிடுவதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டார். அந்தத் தாளைப் பார்த்ததும் மனம் விட்டுப்போயிற்று. வண்டியைத் திருப்பிவிடலாமா என்றுகூட மாமாவிடம் கேட்டேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிறோம். மணப்பாறைப் பக்கத்திலிருந்து நடந்து வரும் ஒரு பெண், கூடவே நான்கு வயதுப் பையன். அவள் பாதத்தில் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தாள். என் வண்டியின் பின்பெட்டியைப் பார்த்தாள். ‘அக்கா, இவனைக் கொஞ்ச தூரம் வைத்துக்கொள்கிறீர்களா? என்னால் தூக்க முடியவில்லை’ என்றாள். என் காலை அவள் பார்க்கவே இல்லை. பார்த்தது சக்கரத்தை.

பையையும் போர்வையையும் மெத்தையாகப் போட்டு மாமா அவனை உட்கார வைத்தார். அவள் அவன் தோளைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். ஒரு ஆற்றுப்பாலத்தின் ஏற்றத்தில் முன்சக்கரம் வழுக்கியது. மாமா தள்ள வந்தார், வேண்டாம் என்றேன். ஒரு சுற்று, மூச்சு, இன்னொரு சுற்று. ‘பெரியம்மா, தூக்கம் வருகிறது’ என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் என் முதுகில் தலையைச் சாய்த்தான். இடுப்புக்கு மேலே எனக்கு உணர்ச்சி இருக்கிறது அல்லவா. அவன் மூச்சுக்காற்று புடவைத் துணி வழியாகச் சுடச்சுடப் பட்டுக்கொண்டே வந்தது.

அப்போதுதான் அந்தக் கதை எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் அதன் கடைசி வரியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முதலில் கேட்டவள் அவள். கொடுத்தவன் அவன். கொடுக்கும்போது அவனுக்குக் கால் வரவில்லை. வழியில் உட்கார்ந்திருந்த அவனிடம், என் பிள்ளைக்குத் தாகமாக இருக்கிறது, உன்னிடம் இருப்பதைக் கொடு என்று வந்து நின்றாளே, அதை எனக்கு யாருமே சொல்லவில்லையடா.

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி வரை உள்ள சாலை அந்தப் பையன் ஓடியது என்பார்கள். அவன் போனதற்கு எதிர்த்திசையில் நான் போனேன். செபமாலையை இழுப்பறையிலிருந்து எடுத்து வந்திருந்தேன். கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, பத்துச் சுற்றுக்கு ஒரு மணி என்று உருட்டினேன். நடக்க வை என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்ற வீம்பெல்லாம் இல்லை, நினைவே வரவில்லை. உன் பெயரைச் சொன்னேன். தோஹாவில் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன் என்று நீ சொன்னது எனக்கு வருத்தம்தான், ஆனால் நான் உன்னை அதட்ட மாட்டேன். என் செபமாலை எத்தனை வருடம் பாபின்களோடு கிடந்தது என்று சொன்னேனே.

வரும்போது சைக்கிள் கையுறை இரண்டு ஜோடி வாங்கி வா. உள்ளங்கை உரிந்திருக்கிறது.

இன்று காலை அந்தப் பெண் போன் செய்தாள். அடுத்த வருடமும் வருகிறார்களாம், நீடாமங்கலம் கேட்டில் காத்திருக்கிறேன் என்றாள். பட்டறைக்காரரிடம் பின்பெட்டியில் ஒரு சின்ன இருக்கையும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் பழைய அறையின் ஜன்னல் திரையை வெட்டி அதற்கு மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நீலப் பூப்போட்ட திரைதான். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா