திரும்பி வரும் மின்னோட்டம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். மின்னியல் பாடத்தைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு மாணவி, "பல்பைக் கடந்த பிறகும் மின்னோட்டம் குறையாமல் அப்படியே திரும்புகிறது என்றால், மின்கலம் ஏன் தீர்ந்துபோகிறது?" என்று கேட்டு உன்னைத் திகைக்க வைத்ததாக எழுதியிருந்தாய். சூத்திரத்தை ஒப்பித்தே மதிப்பெண் வாங்கிய நமக்கு அந்த வயதில் இப்படியொரு கேள்வி தோன்றவே இல்லையே என்று எண்ணினால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதுமட்டுமா, நான் தவறாகவே நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு டார்ச் பல்புகளைத் தொடரிணைப்பில், அதாவது ஒன்றையடுத்து ஒன்றாக ஒரே பாதையில், மாட்டியபோது முதல் பல்பு கொஞ்சம் கூடுதலாக ஒளிர்ந்ததைப் பார்த்து, அது மின்னோட்டத்தில் ஒரு பங்கை உண்டுவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு அனுப்புகிறது என்று சாதித்தேன். நீ ஒன்றும் பேசாமல் இரண்டையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினாய். கூடுதல் ஒளியும் அந்தப் பல்போடு சேர்ந்தே இடம் மாறியது. பல்புகளுக்குள் ஒளிரும் மெல்லிய கம்பி இழைகளின் மின்தடையில் இருந்த சிறு வேறுபாடுதான் காரணம். ஒரே மின்னோட்டம் பாயும்போது தடை கூடிய இழையே அதிகம் சூடேறும். பிறகு மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைப் பல்புகளுக்கு முன்னும் நடுவிலும் பின்னும் மாற்றி மாற்றி இணைத்தோம். முள் மூன்று இடத்திலும் 0.3 ஆம்பியரிலேயே நின்றது. இதையே வகுப்பில் செய்து காட்டு. ஆனால் முள்ளைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தை எழுதிவைக்கட்டும்.

0.3 ஆம்பியர் என்றால் வினாடிக்கு 0.3 கூலும் மின்னூட்டம். ஒரு கூலும் என்பது ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்களின் மின்னூட்டம். எதிர்முனையிலிருந்து எத்தனை எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றனவோ, அதே நேரத்தில் அத்தனை எலக்ட்ரான்கள் நேர்முனைக்குள் நுழைகின்றன. ஆகவே மின்கலத்தை எலக்ட்ரான்களை அடைத்துவைத்த டப்பாவாக நினைக்கக் கூடாது. தீர்ந்துபோவது அதனுள் இருக்கும் வேதிப்பொருள். சாதாரண உலர் மின்கலத்தில் துத்தநாகம் வினைபுரிந்து சிறிது சிறிதாகச் செலவாகிறது. உறையில் 1.5 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதன் பொருள், மின்கலத்தைக் கடக்கும் ஒவ்வொரு கூலும் மின்னூட்டத்துக்கும் அந்த வினை 1.5 ஜூல் ஆற்றல் தருகிறது என்பதே. அந்த ஆற்றல்தான் பல்பில் வெப்பமாகவும் ஒளியாகவும் வெளியேறுகிறதே தவிர, மின்னூட்டம் அல்ல.

இதற்கு உவமை வேண்டுமென்றால் மிதிவண்டிச் சங்கிலியைச் சொல். சங்கிலியின் கண்ணிகளில் ஒன்றுகூடக் குறைவதில்லை, களைத்துப்போவது மிதிப்பவர்தான். மிதித்த உடனே பின்சக்கரம் சுழல்வதற்கு, முன்னால் இருக்கும் கண்ணி பின்னால் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. கம்பியிலும் அப்படியே. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் வினாடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவுதான்; ஒரு மீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆகும்! ஆனால் கம்பி முழுவதும் எலக்ட்ரான்கள் முன்பே நிறைந்திருப்பதாலும், சுற்று மூடியதும் அவற்றை நகர்த்தும் மின்புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் பரவுவதாலும், பல்பு உடனே எரிந்துவிடுகிறது.

மின்னோட்டத்தின் திசையைப் பற்றி அதிகம் குழப்பாதே. எலக்ட்ரான் 1897இல்தான் கண்டறியப்பட்டது. நேர், எதிர் என்று அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் பெயரிட்டதோ அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு. அதனால்தான் சுற்றுப்படத்தில் மின்னோட்டத்தைக் காட்டும் அம்புக்குறி ஒரு பக்கமும் எலக்ட்ரான்கள் மறுபக்கமும் போகின்றன. மரபு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

ஒரே ஒரு எச்சரிக்கை. அம்மீட்டரைப் பிள்ளைகள் மின்கலத்தின் இரு முனைகளிலும் நேராக இணைத்துவிடாமல் பார்த்துக்கொள். அதன் தடை மிகக் குறைவு என்பதால் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும். நம் முள் அளவுகோலின் கோடியில் மோதி வளைந்தது உனக்கு நினைவிருக்கும். இணைத்தது நீதான் என்பதை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அன்புடன்,
உன் நண்பன்