எதில் 5/6? வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆறாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் குழுவினருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வில் வந்த குடக் கணக்கு உங்களுக்கு நினைவிருக்கும். "ஒரு குடத்தில் 1/2 பங்கும் இன்னொரு குடத்தில் 1/3 பங்கும் தண்ணீர் உள்ளது. மொத்தம் எவ்வளவு?" விடைக்குறிப்பு 5/6 என்கிறது. எதில் 5/6?

இரண்டும் ஒரே அளவுக் குடம் என்றால் சரிதான். 2, 3 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம) 6; 3/6 + 2/6 = 5/6 குடம். ஆனால் 'ஒரே அளவு' என்பது கேள்வியில் எங்குமே இல்லை. முதல் குடம் 10 லிட்டர், அடுத்தது 15 லிட்டர் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 5 லிட்டர், ஆக 10 லிட்டர். சின்னக் குடத்துக்கு அது முழுக் குடம். பெரிய குடத்தில் 2/3. இரண்டின் மொத்தக் கொள்ளளவு 25 லிட்டர், அதில் பார்த்தால் 2/5.

தொகுதியோடு (மேல் எண்) தொகுதி, பகுதியோடு (கீழ் எண்) பகுதி கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைகளை, "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா?" என்று கேட்டுக் கேட்டு ஆண்டு முழுக்கத் திருத்துகிறோம். உங்கள் கேள்வி அந்தத் தவற்றுக்கே நாற்காலி போட்டு உட்காரவைக்கிறது. "குடத்தின் அளவு தெரியாமல் சொல்ல முடியாது" என்று எழுதிய பிள்ளைக்கோ பூஜ்ஜியம். வேற்றினப் பின்னத்தை, அதாவது பகுதிகள் வேறான பின்னங்களை, புரிந்துகொண்டதே அந்தப் பிள்ளைதான்.

எதில் பங்கு என்பதைக் கேள்வியிலேயே எழுதுங்கள். "தலா 12 லிட்டர் கொள்ளும் இரண்டு குடங்கள்" என்றால் ஒரு வரிகூட ஆகாது. 6 லிட்டரும் 4 லிட்டரும் 10 லிட்டர். 12-இல் 10 என்பது 5/6. விடையைப் பிள்ளையே சரிபார்த்துக்கொள்ளும்.

உங்கள் இன்னொரு கணக்கில் வரும் 3/7 மீட்டர் ரிப்பனும் 5/9 மீட்டர் ரிப்பனும் எந்தக் கடையில் வெட்டித் தருகிறார்கள் என்றும் சொன்னால் நாங்களும் போய் வாங்குவோம். தையற்கடை இன்ச் டேப்பில் அரை, கால், அரைக்கால் கோடுகள் சும்மா கிடக்கின்றன. முக்கால் இன்ச்சும் 5/8 இன்ச்சும் சேர்ந்தால் 6/8 + 5/8 = 11/8; ஒரு இன்ச்சுக்கு மேல் 3/8. விரல் வைத்தே பார்க்கலாம். பகுதிகளைப் பெருக்கி 24/32 + 20/32 என்று போட்டாலும் 44/32, சுருக்கினால் அதே 11/8. மீ.சி.ம எடுக்கவில்லை என்று அதற்கும் மதிப்பெண் வெட்டச் சொல்கிறது உங்கள் குறிப்பு.

மன்னிக்கவும், கேட்க வந்தது இரண்டுதான். எதில் பங்கு என்று இனி எழுதுங்கள். குடக் கணக்கில் காரணம் காட்டிய எல்லா விடைக்கும் முழு மதிப்பெண் தரும்படி ஒரு திருத்தக் குறிப்பு அனுப்புங்கள். விடைத்தாள்கள் இன்னும் பள்ளிகளில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
கணக்கு ஆசிரியர்கள் சிலர்